கணவரும் நானும் ஒரே அளவுதான் குடிக்கிறோம், எனக்கு மட்டும் ஏன் ஆபத்து அதிகம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். வயது 38. வாரத்தில் ஐந்து இரவு, ஒவ்வொரு இரவும் 60 மில்லி வீதம் மூன்று பெக் விஸ்கி. ஏழெட்டு வருடமாக இதே பழக்கம். கணவரும் அதே அளவுதான். ஹெல்த் செக்கப்பில் இரண்டு பேருக்கும் கல்லீரல் ரிப்போர்ட் நார்மல். ஆனால் படிக்கிற இடமெல்லாம் 'பெண்களுக்கு ஆபத்து அதிகம்' என்று போட்டிருக்கிறார்கள். இது உண்மையிலேயே மருத்துவமா, இல்லை பெண்கள் குடிக்கக் கூடாது என்கிற பழைய உபதேசத்துக்கே வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: 'எனக்கு ஏற்கெனவே ஏதாவது ஆகியிருக்குமா?' முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு, உங்களை நேரில் பரிசோதிக்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது. என்னென்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். நான் கல்லீரல், குடல் நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பவன். குடியை நிறுத்த வைக்கும் சிகிச்சை மனநல மருத்துவர்களின் துறை. அந்தப் பகுதியை மட்டும் அவர்களோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்த பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் உபதேச விஷயத்தை முடித்துவிடலாம். ஆம், கலந்திருக்கிறது. அதே அளவு குடிக்கிற ஆணிடம் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்பவர்கள் பெண்ணிடம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அதற்காக மருத்துவத் தகவலையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆண் உடலுக்கும் பெண் உடலுக்கும் இந்த விஷயத்தில் அளக்கக்கூடிய வித்தியாசம் இருக்கிறது. உடலில் தண்ணீர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஆல்கஹால் பரவும், கொழுப்புக்குள் அதிகம் போகாது. ஆண் உடலில் சராசரியாக 60 சதவீதம் தண்ணீர், பெண் உடலில் சுமார் 50 சதவீதம். அதனால் இரண்டு பேரும் ஒரே எடை இருந்து ஒரே அளவு குடித்தாலும், பெண்ணின் ரத்தத்தில் ஆல்கஹாலின் அளவு கூடுதலாக ஏறும். பெரும்பாலான தம்பதிகளில் பெண்ணின் எடையும் குறைவு என்பதால் இடைவெளி இன்னும் பெரிதாகும். இதில் சந்தேகமே இல்லை. இன்னொரு காரணத்தையும் அடிக்கடி எழுதுகிறார்கள். இரைப்பையின் உட்சுவரில் ஆல்கஹாலை உடைக்கும் நொதி பெண்களுக்குக் குறைவு, அதனால் அதிகமான பங்கு ரத்தத்துக்குப் போய்விடுகிறது என்று 1990இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த நொதி வித்தியாசம் எவ்வளவு முக்கியம், எல்லா வயதிலும் உண்டா என்பதில் பின்னால் வந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நான் அதை உறுதியான காரணமாக வைப்பதில்லை, தண்ணீர்க் கணக்கு ஒன்றே போதும். வயது ஏற ஏற உடலில் தண்ணீரின் பங்கு குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் குடிக்கிற அதே அளவு 55 வயதில் உங்களுக்கு அதிக அளவாகிவிடும்.

சரி, உங்கள் அளவு எவ்வளவு? 40 சதவீத விஸ்கியில் 60 மில்லி என்றால் அதில் 24 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 19 கிராம். மூன்று பெக்குக்கு 57 கிராம், ஐந்து இரவுக்கு 285 கிராம். அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம், அதாவது 5 சதவீத பீர் ஒரு டின் அல்லது ஒயின் 150 மில்லி. அப்படிப் பார்த்தால் நீங்கள் ஒரு இரவுக்கு நான்கு, வாரத்துக்கு இருபது டிரிங்க் குடிக்கிறீர்கள். பெண்கள் ஒரே நாளில் நான்கோ, வாரத்தில் எட்டோ தொட்டுவிட்டால் அது அதிகக் குடி என்று அமெரிக்காவின் தேசிய மது ஆய்வு நிறுவனம் வரையறுக்கிறது. ஆண்களுக்கு அந்த எண்கள் ஐந்தும் பதினைந்தும், ஆக உங்கள் கணவரும் வாரக் கணக்கில் தாண்டித்தான் இருக்கிறார். பிரிட்டன் 2016 முதல் ஆண், பெண் இருவருக்கும் ஒரே வரம்பு வைத்திருக்கிறது: வாரத்துக்கு 14 யூனிட், ஒரு யூனிட் 8 கிராம், மொத்தம் 112 கிராம். நாட்டுக்கு நாடு எண் மாறுவதைப் பார்த்து 'இவர்களுக்கே தெரியவில்லை' என்று சிலர் சிரிப்பார்கள். எவ்வளவு ஆபத்தைச் சகித்துக்கொள்ளலாம் என்பதில்தான் நாடுகளுக்குள் கருத்து வேறுபாடு, குடி கூடக்கூட ஆபத்தும் கூடும் என்பதில் இல்லை. இந்த இரண்டு நாட்டு வரம்புகளில் எதை எடுத்தாலும் நீங்கள் இருமடங்குக்கும் மேலே நிற்கிறீர்கள். இதை எழுதும்போது 'ஒரு பெக்' என்பதை 60 மில்லியாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டில் கையால் ஊற்றும்போது பலருடைய ஒரு பெக் 80, 90 மில்லி வரை போகும். ஒரு நாள் அளந்து பாருங்கள்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். 'ரிப்போர்ட் நார்மல்' என்ற வார்த்தைதான் உங்கள் கேள்வியில் எனக்கு அதிகக் கவலை தந்தது. கல்லீரலுக்கான வழக்கமான ரத்தப் பரிசோதனை, அந்த நேரத்தில் கல்லீரல் செல்கள் எவ்வளவு சேதப்பட்டு நொதிகளைக் கசிய விடுகின்றன என்பதைக் காட்டும். வருடக்கணக்கில் தழும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அது காட்டாது. நொதிகள் நார்மலாக இருக்கும்போதே நல்ல அளவு தழும்பு இருக்க முடியும். அந்தத் தழும்பு முற்றி வரும் கல்லீரல் சுருக்க நோயின் (சிரோசிஸ்) ஆரம்பத்தில் வலி இருக்காது, பசியும் இருக்கும், வேலைக்கும் போய்க்கொண்டிருப்பார்கள். வயிறு வீங்கும்போதோ, கண் மஞ்சளாகும்போதோ, ரத்த வாந்தி வரும்போதோதான் முதன்முதலாக டாக்டரிடம் வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் வருகிற பெண்களில் பலர் என்னிடம் சொல்கிற வாக்கியம் ஒன்றுதான்: போன வருடம்கூட டெஸ்ட் எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்களே.

பெண்களின் கல்லீரல் குறைந்த அளவிலேயே, குறைந்த வருடங்களிலேயே சுருக்க நோய்க்குப் போகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ரத்தத்தில் ஏறும் அளவு மட்டும் இதற்குக் காரணமில்லை. குடல் சுவர் வழியாகக் கசிந்து வரும் பாக்டீரியா நச்சுகளுக்குக் கல்லீரல் காட்டும் எதிர்வினையைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கூட்டுகிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. மனிதர்களில் அதன் பங்கு எவ்வளவு என்று இன்னும் முடிவாகவில்லை. காரணம் விவாதத்தில் இருந்தாலும், விளைவு விவாதத்தில் இல்லை. உங்கள் எடை அதிகமா, சர்க்கரை நோய் உண்டா, ஹெபடைடிஸ் பி அல்லது சி பார்த்திருக்கிறீர்களா என்பதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை. இவற்றில் ஒன்று இருந்தால்கூட ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். எப்படிக் குடிக்கிறோம் என்பதும் பொருட்டுதான். பிரிட்டனில் லட்சக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து கவனித்த 'மில்லியன் விமன்' ஆய்வில், வாரத்துக்கு ஒரே அளவு குடித்தாலும், தினமும் குடித்தவர்களுக்கும் சாப்பாடு இல்லாமல் குடித்தவர்களுக்கும் சுருக்க நோய் அதிகமாக இருந்தது. சாப்பாட்டோடு குடித்தால் பாதுகாப்பு என்று இதைத் திருப்பி வாசித்துவிடாதீர்கள். உங்கள் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிய ஆறுதல் இல்லை.

அடுத்தது மார்பகப் புற்றுநோய். குடிக்கும் பெண்கள் கல்லீரலைப் பற்றிப் பயப்படுகிறார்கள், இதைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்தது 1987இல். பெண்களின் மார்பகத்தையும் பெருங்குடலையும் 2007இல் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். மது ஈஸ்ட்ரோஜன் அளவைக் கூட்டுகிறது, உடலில் அது உடையும்போது வரும் அசிட்டால்டிஹைடு மரபணுவைச் சேதப்படுத்துகிறது. விஸ்கியா ஒயினா பீரா என்பதில் எந்த வித்தியாசமும் இல்லை. எவ்வளவு ஆபத்து என்று கேட்டால், தலைப்புச் செய்திகளில் வரும் சதவீதத்தை விட்டுவிட்டு நேரான எண்ணிக்கையைப் பாருங்கள். 2002இல் 53 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பெரிய பகுப்பாய்வின் கணக்கு இது, வளர்ந்த நாடுகளின் நிலவரம்: குடிக்காத 100 பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது சுமார் 9 பேருக்கு. தினம் சராசரியாக 40 கிராம் குடிப்பவர்களில் அது 11 அல்லது 12. உங்கள் ஐந்து இரவை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் கிட்டத்தட்ட அந்த 40 கிராம்தான் வரும். பெரும்பாலான பெண்களுக்கு எப்படியும் வராது என்பதும் உண்மை, 100க்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த ஒரே காரணத்தால் கூடுதலாக வருகிறது என்பதும் உண்மை. இதற்கு 'இதுவரை குடித்தால் ஒன்றுமில்லை' என்ற கீழ் எல்லை தெரியவில்லை. தினம் 10 கிராமிலேயே ஏற்றம் தொடங்கிவிடுகிறது. உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ தங்கைக்கோ இந்த நோய் வந்திருந்தால், உங்கள் தொடக்கப் புள்ளியே 9க்கு மேல் இருக்கும்.

இதயத்தைப் பொறுத்தவரை 'கொஞ்சம் குடித்தால் நல்லது' என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தோம், மருத்துவர்களும்தான். அந்தப் பழைய ஆய்வுகளில் குடிக்காதவர்கள் கூட்டத்தில், ஏற்கெனவே நோய் வந்து குடியை நிறுத்தியவர்களும் கலந்திருந்தார்கள். அளவோடு குடிப்பவர்கள் பெரும்பாலும் வசதியும் நல்ல உணவும் உள்ளவர்களாக இருந்தார்கள். இவற்றைச் சரிசெய்து பார்த்த ஆய்வுகளில் அந்த நன்மை மங்கிவிட்டது. முழுக்கப் பொய் என்று சொல்ல இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அந்த விவாதம் முழுவதும் தினம் ஒன்று குடிப்பவர்களைப் பற்றியது, நான்கு குடிப்பவர்களுக்கு அதில் இடமே இல்லை. உங்கள் அளவில் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வர வாய்ப்பு கூடும். இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய், ஆயுள் முழுவதும் குடித்த மொத்த அளவு ஆண்களைவிடக் குறைவாக இருக்கும்போதே பெண்களுக்கு வந்துவிடுகிறது.

மூளை விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பெண்களின் மூளை மதுவால் அதிகமாகச் சுருங்குகிறது என்று சில ஸ்கேன் ஆய்வுகள் சொல்கின்றன, வித்தியாசமே இல்லை என்று வேறு சில. அதிகக் குடி இருவர் மூளையையும் பாதிக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதேபோல், பெண்கள் தாமதமாகக் குடிக்கத் தொடங்கினாலும் ஆண்களைவிட வேகமாக அடிமையாகிவிடுகிறார்கள் என்ற கருத்தும் உண்டு. சிகிச்சைக்கு வந்தவர்களிடம் எடுத்த ஆய்வுகளில் அது தெரிகிறது, பொது மக்களிடம் எடுத்த ஆய்வுகளில் எப்போதும் தெரிவதில்லை. எனக்கு நடைமுறையில் தெரிவது வேறு: பெண்கள் மறைத்துக் குடிக்கிறார்கள், அதனால் தாமதமாக வருகிறார்கள், வந்த பிறகும் டாக்டர் கேட்பதில்லை. ஆண் நோயாளியிடம் முதல் நிமிடத்தில் 'குடிப்பீங்களா?' என்று கேட்பவர்கள், பெண்ணிடம் கேட்கக் கூசுகிறார்கள். காரணம் தெரியாத ரத்த அழுத்தம், தூக்கமின்மை, மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக்கொண்டே போகிறார்கள். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் பின்னிரவில் தூக்கம் உடையும். மறுநாள் பதற்றமாக இருக்கும். அந்தப் பதற்றத்துக்கு மாலையில் மறுபடியும் பெக். பதற்றம்தான் குடிக்கக் காரணம் என்று நம்புகிறவர்களில் கணிசமான பேருக்கு, நிறுத்திய சில வாரங்களில் அந்தப் பதற்றம் பாதியாகிவிடுகிறது. எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு அடியில் உண்மையிலேயே மனச்சோர்வு நோய் இருக்கும், அதற்குத் தனியாக சிகிச்சை வேண்டும்.

உங்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதாகவும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதிகக் குடி சுழற்சியைக் குலைக்கும், கருத்தரிப்பதையும் கடினமாக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் குடியின் தலையில் போடுவதற்கு முன் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். கர்ப்பத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று எந்த அளவும் நிறுவப்படவில்லை, குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும். தெரியாமல் குடித்துவிட்ட முதல் சில வாரங்களை நினைத்துக் கலங்கிக் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போய்விட வேண்டாம், நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் உள்ளதைச் சொன்னால் போதும். எலும்பு அடர்த்தி குறைவதும், அதனால் மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு முறிவு கூடுவதும் இந்த அளவு குடியில் எதிர்பார்க்கக்கூடியதே. அப்புறம் மாத்திரைகள்: காலைத் தலைவலிக்குப் பாராசிட்டமால் போடும் வழக்கம் இருந்தால் கவனம். தொடர்ந்து அதிகம் குடிப்பவர்களின் கல்லீரலை அது வழக்கத்தைவிடக் குறைந்த அளவிலேயே தாக்கும். தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

இனி, என்னென்ன பார்க்க வேண்டும். உங்கள் டாக்டரிடம் அளவைக் குறைக்காமல் கிராம் கணக்கிலேயே சொல்லுங்கள். நொதிகளோடு சேர்த்து ரத்தத் தட்டணுக்கள், வயிற்று அல்ட்ராசவுண்ட், கல்லீரலின் விறைப்பை அளந்து தழும்பைக் கணிக்கும் ஃபைப்ரோஸ்கேன் மூன்றையும் கேளுங்கள். வயது, இரண்டு நொதிகள், தட்டணு எண்ணிக்கை இவற்றை வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு போடலாம், செலவே இல்லாத முதல் சல்லடை அது. ஃபைப்ரோஸ்கேனைக் குடித்துக்கொண்டிருக்கும் காலத்தில் எடுத்தால் வீக்கத்தால் எண் கூடுதலாகக் காட்டலாம். அதிகமாக வந்தால் பயந்துவிடாமல் சில வாரங்கள் நிறுத்திவிட்டு மறுபடியும் எடுக்கச் சொல்வேன். கல்லீரலில் வெறும் கொழுப்பு மட்டும் சேர்ந்திருந்தால், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே அது வடியத் தொடங்கும். லேசான தழும்பும் காலப்போக்கில் குறையலாம். முற்றிய சுருக்கம் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது, ஆனால் அந்த நிலையிலும் நிறுத்தியவர்கள் நிறுத்தாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். வாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து குடியை விட்டால் குறையும் என்பதற்குப் போதிய ஆதாரம் இருப்பதாக 2023இல் அதே புற்றுநோய் முகமை சொன்னது. மார்பகத்துக்கு ஆதாரம் இன்னும் குறைவாகவே இருக்கிறது.

கடைசியாக, 'நாளையிலிருந்து ஒரேயடியாக விட்டுவிடலாமா' என்று கேட்டிருந்தீர்கள். வாரத்தில் இரண்டு இரவு குடிக்காமல் இருக்கிறீர்களே, அந்த நாள்களின் மறுநாள் காலையில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, குமட்டுகிறதா, ஒரு வாய் குடித்தால் சரியாகும் என்று தோன்றுகிறதா? எதுவுமே இல்லையென்றால், விடும்போது பெரிய சிக்கல் வரும் வாய்ப்பு குறைவு. இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது முன்பு எப்போதாவது விட்டபோது வலிப்பு வந்திருந்தாலும், தனியாக வீட்டில் நிறுத்த வேண்டாம். நடுக்கம் முதல் நாளுக்குள்ளேயே தொடங்கும், வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும், இல்லாததைப் பார்த்துப் பிதற்றும் டெலிரியம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். கடைசியில் சொன்னது உயிரைப் பறிக்கக்கூடியது. ஆஸ்பத்திரியில் சில நாள் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் சிக்கலில்லாமல் கடந்துவிடலாம். அதன் பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் இருக்கின்றன. டைசல்ஃபிராம் மூன்றாவது. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து வாந்தி வந்து ரத்த அழுத்தம் சரியும், அதனால் குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது ஆபத்து. வீட்டில் யாராவது அப்படி யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். கல்லீரல் கெட்டிருந்தால் டைசல்ஃபிராமைத் தவிர்ப்போம், நால்ட்ரெக்ஸோனையும் யோசித்துத்தான் கொடுப்போம். அகாம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். ஆகவே மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கல்லீரல் ரிப்போர்ட்டோடு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.